சோற்றுக்குக் காசு உண்டு, அடுப்புக்குக் காசு இல்லையா?

மூடநம்பிக்கை என்றால் அது சகுனத்திலும் ஜோசியத்திலும் பேய் பிசாசிலும் மாத்திரமே இருப்பதாக நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டம் பெற்றவர்கள் உட்கார்ந்து எழுதுகிற சர்க்கார் ஒப்பந்தங்களிலும், சதவிகிதக் கணக்குகளிலும்கூட அது குடியிருக்கிறது என்று நாம் சொன்னால் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட ஒரு மூடநம்பிக்கை அமெரிக்கா தேசத்தில் வெகுகாலமாக ஏழைகளின் வயிற்றிலும், அவர்களுக்கு ஊழியம் செய்கிறவர்களின் கூலியிலும் கைவைத்துக்கொண்டு வருகிறது. அதைப்பற்றியே இந்த வாரம் எழுதுகிறோம். தேசம் தூரமானாலும் அங்கே பேசப்படுகிற பேச்சு நமக்குப் பழகின பேச்சுத்தான்.

சங்கதி இதுதான். வீடற்றவர்களுக்குத் தங்குமிடம், நடமாட முடியாத கிழவர்களுக்கு வீடு தேடிச் சோறு, மனநோயாளிகளுக்குச் சிகிச்சை, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கு முந்திய பராமரிப்பு, வேலையற்றவர்களுக்குத் தொழிற்பயிற்சி ஆகிய காரியங்களில் பலவற்றை அமெரிக்கச் சர்க்கார் தன் சிப்பந்திகளைக்கொண்டு நேரே செய்வதில்லை. லாபநோக்கமில்லாத சங்கங்களைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் எழுதி, பணம் கொடுத்துச் செய்யச் சொல்லுகிறது. இது தானமல்ல, பிச்சையுமல்ல. இன்ன வேலை, இத்தனை பேருக்கு, இத்தனை நாளைக்கு என்று நிபந்தனை போட்டுச் செய்கிற கொள்முதல். கொள்முதல் என்றால் விலை கொடுக்கவேண்டும். அந்த விலையில்தான் பித்தலாட்டம் நடக்கிறது.

மறைமுகச் செலவு என்பது என்ன?

கிழவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்ளுவோம். உணவுப் பண்டம், சமையல் செய்கிறவர் சம்பளம், வண்டி ஓட்டுகிறவர் சம்பளம், வண்டிக்கு எண்ணெய் ஆகிய இவைகள் அந்த வேலைக்கென்றே ஆகிற செலவு. பார்த்தமாத்திரத்தில் எவருக்கும் தெரியும். இதற்கு நேர்ச்செலவு என்று பெயர். ஆனால் அதே சங்கத்துக்கு ஒரு கட்டடம் வேண்டும்; விளக்கும் தண்ணீரும் வேண்டும்; சம்பளப் பட்டியல் போடுகிற குமாஸ்தா வேண்டும்; கணக்கெழுதுகிறவர் வேண்டும்; தணிக்கை, இன்ஷூரன்ஸ், கம்ப்யூட்டர், மேற்பார்வை எல்லாம் வேண்டும். அந்தச் சங்கமே சோறு போடுவதோடு ஒரு தங்குமிடமும் ஒரு பயிற்சிக்கூடமும் நடத்துமானால், கணக்கெழுதுகிறவர் மூன்றுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறார். அவர் சம்பளத்தில் சோற்றுக்கு எவ்வளவு, படுக்கைக்கு எவ்வளவு என்று கையால் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே ஒரு விகிதம் போட்டுப் பங்கிடுகிறார்கள். இப்படிப் பங்கிடுகிற செலவுக்குத்தான் மறைமுகச் செலவு என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் ஏதோ ஒளித்துவைத்த திருட்டுப் பணம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. செலவு வெளிப்படையானதுதான், அதில் எந்த வேலைக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கண்ணுக்குத் தெரியாதது.

நம் ஊரில் ஒருவன் கலியாணத்துக்குச் சமையற்காரரை அழைத்து, "அரிசி பருப்புக்குப் பணம் தருகிறேன், விறகுக்கும், பாத்திர வாடகைக்கும், எச்சில் இலை எடுக்கிற ஆளுக்கும் தரமாட்டேன், அதெல்லாம் வீண் செலவு, ஆனால் 500 பேர் சாப்பாட்டில் ஒரு இலை குறையக்கூடாது" என்று சொன்னால் அவனை நாம் என்ன சொல்லுவோம்? கஞ்சன் என்போம்; அல்லது பைத்தியம் என்போம். அதையே ஒரு சர்க்கார் சொன்னால் மாத்திரம் சிக்கனம் என்றும், பொதுப்பணத்தைக் காப்பாற்றுகிற யோக்கியதை என்றும் புகழுகிறார்கள். அரிசி சோறாவது விறகால்தானே ஒழிய, புகழால் அல்லவே!

ஜெயிக்க ஜெயிக்க நஷ்டம்

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஒப்பந்தத்தின் நேர்ச்செலவு 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்குச் சேரவேண்டிய மறைமுகச் செலவின் பங்கு 22,000 டாலர். ஆக உண்மையான விலை 1,22,000. சர்க்கார் நூற்றுக்கு 10 வீதந்தான் மறைமுகச் செலவு தருவேன் என்கிறது. கைக்கு வருவது 1,10,000. துண்டு விழுவது 12,000. சங்கம் நன்றாக வேலை செய்ததென்று மெச்சி இதே மாதிரி 5 ஒப்பந்தம் கொடுத்தால் துண்டு 60,000 ஆகிறது. ஒரு மளிகைக் கடைக்காரனுக்கு வியாபாரம் பெருகினால் லாபம் பெருகும். இந்தச் சங்கங்களுக்கோ வேலை பெருகப் பெருகக் கடன் பெருகுகிறது. கெட்டிக்காரத்தனத்துக்கு அபராதம் போடுகிற விசித்திரத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

அந்தத் துண்டை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்று விடுகிறார்கள். பழைய கம்ப்யூட்டரையே வைத்து ஒட்டுகிறார்கள். இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுகிறார்கள். சம்பளத்தை உயர்த்தாமல் வைக்கிறார்கள். கடைசியில் சோறு வாங்குகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். இது நமது கற்பனையல்ல. அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்காகக் கணக்குப் பார்க்கிற அந்தச் சர்க்காரின் தணிக்கை இலாகாவே 2010-ல் இவ்விஷயத்தை விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், மறைமுகச் செலவை முழுதும் தராதபோது சங்கங்கள் சேவையையோ, சேவை பெறுவோர் தொகையையோ குறைக்கவும், ஆள் பலத்தையும் சாதனங்களையும் விட்டுக்கொடுக்கவும் நேரிடலாம் என்று சொல்லியிருக்கிறது. அதாவது பணக்காரன் வீட்டுத் துண்டைப் பணக்காரன் கட்டுகிறான். ஏழைக்குச் செய்கிற ஊழியத்தில் விழுகிற துண்டை ஏழையும் ஊழியனுமே கட்டுகிறார்கள்.

இதிலே இன்னொரு சுழலும் இருக்கிறது. நிர்வாகச் செலவு குறைவாகக் காட்டுகிற சங்கமே யோக்கியமான சங்கம் என்று பணம் கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். ஆகவே சங்கங்கள் உண்மைச் செலவை மறைத்துக் குறைத்துக் காட்டுகின்றன. குறைத்துக் காட்டினதைப் பார்த்து, இவ்வளவே போதும்போலிருக்கிறது என்று கொடுப்பவர்கள் இன்னும் குறைக்கிறார்கள். 2009-ல் கிரகரி, ஹோவர்ட் என்ற இருவர் இதற்குப் "பட்டினிச் சுழல்" என்று பொருள்படப் பெயர் வைத்து எழுதினார்கள். 2013-ல், தர்ம ஸ்தாபனங்களுக்கு மதிப்பெண் போடுவதையே தொழிலாகக் கொண்ட மூன்று நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, நிர்வாகச் செலவின் சதவிகிதத்தை மாத்திரம் வைத்து ஒரு சங்கத்தை மதிப்பது வெறும் கட்டுக்கதை என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. மார்க்குப் போட்டவர்களே இந்த மார்க்கை நம்பாதீர்கள் என்று சொன்ன பிறகும் சர்க்கார் நம்பிக்கொண்டிருந்தால் அதற்கு மூடநம்பிக்கை என்பதைத்தவிர வேறு பெயர் என்ன?

விதி எழுதினார்கள், வழியும் விட்டார்கள்

அமெரிக்க மத்திய சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2013 டிசம்பரில் ஒரு பொது விதி வெளியிட்டார்கள்; அது 2014 டிசம்பர் 26-ல் அமலுக்கு வந்தது. மத்திய சர்க்கார் பணம் மாகாணம், ஜில்லா, நகரசபை என்று கைமாறிச் சங்கத்துக்கு வருகிறபோது, நடுவிலே இருப்பவர்கள் மறைமுகச் செலவை மறுக்கக்கூடாது. சர்க்காரோடு பேசி முடிவுசெய்த விகிதம் ஒன்று இருந்தால் அதைத் தரவேண்டும். அப்படி இல்லாதவர்களுக்கு ஆகக் குறைந்தது நேர்ச்செலவில் நூற்றுக்கு 10 தரவேண்டும் என்று அவ்விதி சொல்லிற்று. 2024-ல் அதைத் திருத்தி, அந்த 10-ஐ 15 ஆக்கினார்கள். 2024 அக்டோபர் 1 முதல் இது நடப்பிலிருக்கிறது.

நல்லதுதான். ஆனால் ஓட்டைகளையும் பாருங்கள். முதலாவது, இந்த 10-ம் 15-ம் எல்லாச் செலவின்மீதும் கணக்கிடப்படுவதல்ல. விலையுயர்ந்த சாதனங்கள், வாடகை முதலிய சிலவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சினதன்மீதே கணக்கு. இரண்டாவது, சட்டத்திலேயே வரம்பு போட்ட திட்டங்களுக்கு இவ்விதி செல்லாது. ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 15 என்ற உச்சவரம்பு வெகுகாலமாக இருக்கிறது. மூன்றாவது, இவ்விதி மத்திய சர்க்கார் பணத்துக்குத்தான். மாகாணமும் நகரசபையும் தம் சொந்த வரிப்பணத்தைக் கொண்டு செய்கிற ஒப்பந்தங்களில் தம் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளலாம். நடுக்கையிலே இருக்கிற மாகாண இலாகாவுக்கும் கட்டடம் உண்டு, குமாஸ்தா உண்டு. தன் பங்குக்கு அது நிர்வாகச் செலவு எடுத்துக்கொள்ளத் தவறுவதில்லை. கீழே இருப்பவன் கேட்டால் மாத்திரம் சிக்கன உபதேசம் நடக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஓர் ஆண்டில் மத்திய சர்க்கார் பணம் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ செலவழிக்கிற சங்கம் விசேஷத் தணிக்கை செய்து காட்டவேண்டும் என்பது சட்டம். 2024 திருத்தத்துக்கு முன் இந்த வரம்பு 7½ லட்சம். தணிக்கை வேண்டும் என்பதை நாம் மனதார ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் தணிக்கைக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்குக் கணக்கெழுதுகிறவர் வேண்டும். அவர் சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது? மறைமுகச் செலவில். ஆகவே சர்க்கார் ஒரு வாயால் கணக்குக் கொண்டுவா என்கிறது. மறு வாயால் கணக்கெழுதுகிறவனுக்குச் சம்பளம் ஏன் என்று கேட்கிறது.

ஆயுத வியாபாரிக்கு ஒரு நீதி

இதே சர்க்கார் யுத்தக் கப்பலும் ஆகாய விமானமும் செய்கிற கம்பெனிகளோடு ஒப்பந்தம் எழுதுகிறபோது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அங்கே வேறு விதிப் புத்தகம். கம்பெனியின் தலைமைக் காரியாலயச் செலவும், நிர்வாகச் செலவும், கட்டடத் தேய்மானமும் நியாயமானவை என்று ருசுவானால் ஒப்பந்த விலையில் சேருகின்றன. மது, கேளிக்கை முதலிய சில தலைப்புகளைத் தள்ளிவிடுகிறார்கள், தணிக்கை செய்கிறார்கள், அது சரிதான். ஆனால் எல்லோருக்கும் பொதுவாக 10, 15 என்று ஒரு கோடு அங்கே கிடையாது. செலவையும் கொடுத்து மேலே நிச்சயத் தொகையாக லாபமும் கொடுக்கிற ஒப்பந்த முறையில், எதிர்பார்க்கும் செலவில் நூற்றுக்கு 10 வரையிலும், ஆராய்ச்சி வேலையானால் 15 வரையிலும் லாபம் தரலாம் என்றும் இருக்கிறது.

கிழவிக்குச் சோறு கொண்டுபோகிற சங்கத்துக்கோ உதவித்தொகையில் லாபம் வைக்கவே கூடாதென்று தடை. அது நியாயமே, நாம் லாபம் கேட்கவில்லை. நாம் கேட்பதெல்லாம் இதுதான்: குண்டு செய்கிற தொழிற்சாலைக்கு விளக்குச் செலவு நியாயமான செலவானால், பசித்தவனுக்குச் சோறு ஆக்குகிற இடத்துக்கு விளக்குச் செலவு மாத்திரம் எப்படி வீண் செலவாயிற்று? அங்கே எரிவது மின்சாரம், இங்கே எரிவது வேறா?

நியூயார்க்கிலே நடந்தது

நியூயார்க் நகரத்தில் எப்.இ.ஜி.எஸ். என்ற பெரிய சேவைச் சங்கம் ஒன்று இருந்தது. 1934-ல், பொருளாதார மந்த காலத்தில், வேலையில்லாத யூதர்களுக்கு வேலை தேடிக்கொடுப்பதற்காகத் தொடங்கினது. பிறகு வளர்ந்து எல்லா ஜனங்களுக்குமாக ஆண்டுக்கு லட்சம் பேருக்கு மேல் சேவை செய்துவந்தது. 2014 கடைசியில் அதன் கணக்கில் சுமார் 2 கோடி டாலர் நஷ்டம் வெளிப்பட்டது. 2015-ல் இன்சால்வென்ட் மனுக் கொடுத்து மூடிவிட்டது. 80 ஆண்டு ஸ்தாபனம் சில மாதத்தில் கதை முடிந்தது. அதை நம்பியிருந்த நோயாளிகளையும் கிழவர்களையும் மற்றச் சங்கங்கள் பங்கு போட்டு எடுத்துக்கொள்ளவேண்டியதாயிற்று.

அந்தச் சங்கத்தின் நிர்வாகத்தில் குற்றமே இல்லை என்று நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. கணக்கு மேற்பார்வையில் கோளாறு இருந்தது. ஆனால் அதன் வீழ்ச்சியை ஆராய அந்நகரத்துச் சேவைச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒரு கமிஷன் வைத்து 2016-ல் வெளியிட்ட அறிக்கை ஒரு உண்மையை உடைத்துச் சொல்லிற்று. வேலைக்கு ஆகிற உண்மைச் செலவில் டாலருக்கு சுமார் 80 காசுதான் சர்க்கார் ஒப்பந்தங்கள் தருகின்றன என்பதே அது. ரூபாய்ச் சாமானை 80 காசுக்கு வாங்கிக்கொண்டே இருந்தால் எந்தக் கடைதான் நிற்கும்?

அதன் பிறகு 2019-ல் நியூயார்க் நகரசபை ஒரு நல்ல காரியம் செய்தது. சங்கங்கள் தங்கள் உண்மையான மறைமுகச் செலவு விகிதத்தை ருசுப்படுத்தினால் அதைத் தருவதாகத் திட்டம் போட்டது. 2020-ல் கொரோனா வந்தது. ஜனங்களுக்குச் சோறும் சிகிச்சையும் அதிகமாக வேண்டியிருந்த அந்தச் சமயம் பார்த்து, தருவதாகச் சொன்ன தொகையில் நகரசபை கைவைத்தது. கஷ்டகாலத்தில் எதை முதலில் வெட்டுகிறார்கள் என்று பார்த்தால் எதை அவர்கள் உண்மையில் நம்பவில்லை என்பது தெரிந்துபோகும்.

ஆட்சேபங்களும் சமாதானமும்

"நிர்வாகச் செலவு என்ற பெயரால் திருடுவார்களே" என்பது முதல் ஆட்சேபம். திருடுவார்கள், ஒப்புக்கொள்ளுகிறோம். 1991-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை, ஆராய்ச்சிக்கான மறைமுகச் செலவில் ஒரு உல்லாசப் படகின் தேய்மானத்தையும், தலைவர் வீட்டுப் பூச்செலவையும் சேர்த்திருந்தது அம்பலமாகி, அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. அதை ஒட்டிச் சர்வகலாசாலைகளின் நிர்வாகப் பங்குக்கு 26 என்று வரம்பும் போட்டார்கள். ஆனால் அந்தப் படகைக் கண்டுபிடித்தது எது? சதவிகிதமா? கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த மனிதனா? வரம்பு என்பது குருட்டுக் காவற்காரன். 10-க்குள் படகு வாங்கினவனை உள்ளே விட்டுவிடுவான். 22 ஆகிறதென்று உண்மையைச் சொன்னவனை வெளியே தள்ளிவிடுவான். திருட்டைப் பிடிப்பது தணிக்கை. வரம்பு பிடிப்பது யோக்கியனை.

"தர்ம சிந்தையுள்ளவர்கள் தங்கள் பங்காகக் கொஞ்சம் போட்டுக்கொள்ளட்டுமே" என்பது இரண்டாவது. யார் போடுவது? நன்கொடை கொடுக்கிற தனவான்களும் "என் பணம் நேரே ஏழைக்கே போகவேண்டும், ஆபீசுக்குப் போகக்கூடாது" என்றுதான் சொல்லுகிறார்கள். சர்க்கார் நன்கொடையாளரைக் காட்டுகிறது. நன்கொடையாளர் சர்க்காரைக் காட்டுகிறார். மிஞ்சுகிறவர், குறைந்த கூலிக்கு உழைக்கிற தாதியும் சமையல்காரியுந்தான். அவர்களுடைய தியாகம் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு அவர்கள் மடியிலிருந்து எடுப்பதற்குப் பெயர் தர்மமானால், வழிப்பறிக்கு என்ன பெயர்?

"நிர்வாகத்துக்குக் கொடுத்தால் ஏழைக்குப் போகிற பணம் குறையுமே" என்பது மூன்றாவது. 80 பேருக்குத்தான் பணம் இருந்தால் 80 பேருக்கு வாங்குங்கள். பாக்கி 20 பேர் பட்டினி என்று பகிரங்கமாகச் சொல்லி, வரி கொடுக்கிற ஜனங்களிடம் கேளுங்கள். அதுவே நாணயம். 100 பேருக்கு உத்தரவு போட்டு 80 பேருக்குப் பணம் கொடுத்துவிட்டு, 100 பேருக்குச் சோறு போட்டோம் என்று மார்தட்டுவது மோசடி. அந்த 20 பேரின் பட்டினி ஒழியவில்லை, கணக்கிலிருந்து மறைக்கப்பட்டிருக்கிறது.

"கேட்கிற விகிதம் 50-க்கும் மேலே போகிறதே, பாதிப் பணம் நிர்வாகத்துக்கா?" என்பது நான்காவது. இது கணக்குத் தெரியாததால் வருகிற பயம். விகிதம் நேர்ச்செலவின்மேல் போடப்படுவது. 100-க்கு 50 என்றால் மொத்தம் 150-ல் 50. அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதிலும் கழிப்புகள் போக இன்னும் குறையும். பாதி என்று கூவுகிறவர்கள் ஒன்று கணக்குத் தெரியாதவர்கள், அல்லது நமக்குத் தெரியாது என்று நம்புகிறவர்கள்.

தரை கூரையான கதை

2025 பிப்ரவரி 7-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையம், வைத்திய ஆராய்ச்சிக்குத் தருகிற மறைமுகச் செலவு இனி எல்லோருக்கும் 15-தான் என்று அறிவித்தது. அதுவரை பல சர்வகலாசாலைகள் சர்க்காரோடு பேசி முடிவுசெய்து 50-க்கு மேலும் வாங்கிவந்தன. மாகாணங்களும் சர்வகலாசாலைகளும் கோர்ட்டுக்குப் போயின. 2025 ஏப்ரலில் கோர்ட் அந்த உத்தரவுக்கு நிரந்தரத் தடை போட்டது. 15 என்ற அதே எண்ணைக் கவனியுங்கள். விகிதம் பேச வசதியில்லாத சிறிய சங்கத்துக்கு, இதற்குக் கீழே போகக்கூடாது என்று 2024-ல் போட்ட தரை அது. சில மாதத்தில் அதே எண்ணை எல்லோருடைய தலைக்கும் கூரையாக்கப் பார்த்தார்கள். உண்மைச் செலவு என்ற அளவுகோலை விட்டுவிட்டு வெறும் எண்ணைப் பிடித்துக்கொண்டால், அந்த எண்ணை அதிகாரத்திலிருப்பவன் எப்படியும் திருப்புவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் தேசத்திலும் இந்த வாடை இல்லாமலில்லை. இங்கே சங்கதி சர்க்கார் பணமல்ல, வெளிநாட்டு நன்கொடை. அதில் நிர்வாகச் செலவுக்கு 50 வரை இருந்த வரம்பை 2020-ல் சட்டத்தைத் திருத்தி 20 ஆக்கினார்கள். பணம் வேறானாலும் நம்பிக்கை ஒன்றே: கையிலிருந்து கைக்குப் போனால் புண்ணியம், கணக்குப் பிள்ளைக்குப் போனால் பாவம் என்பதே அந்த நம்பிக்கை.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். சேவையை விலைக்கு வாங்குகிற சர்க்கார் அதன் முழு விலையைக் கொடுக்கவேண்டும். முழு விலை எவ்வளவு என்பதை எண் ஜோசியத்தால் அல்ல, ருசுவான கணக்கால் முடிவுசெய்யவேண்டும். பொய்க்கணக்கு எழுதினவனைத் தாட்சண்யமில்லாமல் தண்டிக்கவேண்டும். மெய்க்கணக்கு எழுதினவனுக்கு ஒரு காசு பாக்கியில்லாமல் கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாவிட்டால் முடியாதென்று ஜனங்களுக்குச் சொல்லவேண்டும்.

தோழர்களே! இனி எந்தச் சங்கமாவது, எந்தச் சர்க்காராவது "எங்கள் பணத்தில் நூற்றுக்கு நூறும் ஏழைக்கே போகிறது" என்று உங்கள் ஊர் மேடையில் வந்து பெருமை பேசினால், கை தட்டுவதற்கு முன் எழுந்து இரண்டே கேள்வி கேளுங்கள். "கணக்கு யார் எழுதுகிறார்கள்? அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?" பதில் சொன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் சொல்லாவிட்டால், யாரோ ஒரு ஏழை ஊழியன் கூலியில் அந்தப் பெருமை பேசப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.